ரெட் கம்பெனி எடுத்த தெருக்கள்: மான்செஸ்டர் முதல் ஹாலிஃபாக்ஸ் வரை

அக்டோபர் 15, 2024, செவ்வாய் – மான்செஸ்டர்

லண்டனில் அண்ணன் மகள் கல்யாணம். முடிந்த கையோடு சொந்தக்காரர்கள் எல்லாரும் ஸ்காட்லாந்து மலைகளைப் பார்க்கக் கிளம்பினார்கள். நான் மான்செஸ்டருக்கு ரயில் ஏறிவிட்டேன். "அங்க என்ன இருக்கு, ஃபுட்பால் கிரவுண்டா?" என்று அண்ணி கேட்டார். ஒரு டிவி நாடகக் கம்பெனி இருக்கிறது அண்ணி என்றேன். ரயில் கிளம்புகிற நேரத்தில் அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

சென்னையில் சின்னத்திரைத் தொடர்களுக்கு வசனம் எழுதுவது என் பிழைப்பு. ஊரடங்கில் ஷூட்டிங் நின்றுபோய் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது 'ஹேப்பி வேலி' பார்த்தேன். யார்க்‌ஷயர் பள்ளத்தாக்கு ஒன்றில் நடக்கிற போலீஸ் கதை. நாயகி கேத்தரின் ஒரு சார்ஜென்ட். ஐம்பதை நெருங்குகிறவள், பேரனை வளர்க்கிறவள். முதல் காட்சியில் பூங்காவில் ஒரு பையன் தீக்குளிக்கப்போவதாக மிரட்டிக்கொண்டு நிற்கிறான். கேத்தரின் தீயணைப்பானைக் கையில் எடுத்துக்கொண்டு அவனிடம் போய்ப் பேச்சுக் கொடுக்கிறாள். விவாகரத்தானது, போதையிலிருந்து மீண்டுவரும் உடன்பிறந்தவள், இறந்துபோன மகள், பேசாத மகன், பேரன் என்று மொத்தக் குடும்பக் கதையையும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறாள். இவ்வளவையும் பார்ப்பவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க நாங்கள் மூன்று வாரம் எடுத்துக்கொள்வோம். இங்கே தீ வைத்துக்கொள்ளப்போகிறவனைச் சமாதானப்படுத்துகிற சாக்கில் வேலை முடிந்துவிட்டது. வசனம் என்றால் இதுதான் என்று அன்றைக்குத் தோன்றியது, இன்றைக்கும் தோன்றுகிறது.

எழுதியவர் சாலி வெய்ன்ரைட். முதல் இரண்டு சீசன்களைத் தயாரித்தது ரெட் புரொடக்‌ஷன் கம்பெனி. எந்தச் சேனலுக்கும் சொந்தமில்லாத சுயேச்சைக் கம்பெனியாக, 1998இல் நிக்கோலா ஷிண்ட்லர் என்பவர் இதை மான்செஸ்டரில் தொடங்கினார். அவர் இயக்குநரும் இல்லை, நடிகையும் இல்லை. 'கிராக்கர்' தொடரில் ஸ்கிரிப்ட் எடிட்டராக இருந்தவர். எழுதுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த இடம் புரியவில்லை, இந்த ஆள் ஏன் இப்படிச் செய்கிறான் என்று கேட்டுக் கேட்டுக் கதையைத் தேற்றுகிற வேலை அது. பிறகு 1996இல் 'ஹில்ஸ்பரோ' நாடகத்தைத் தயாரித்தார். பணமும் சேனல் தலைமையகங்களும் லண்டனில் இருந்த காலத்தில், கம்பெனியை வடக்கே வைத்துக்கொண்டார். அந்தக் கம்பெனி கதை எடுத்த தெருக்களில் நடந்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பிக்கடில்லி ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்க வைக்கிற பொடித் தூறல். ஒருவர்கூடக் குடை பிடிக்கவில்லை. சால்ஃபோர்டில் நர்ஸாக இருக்கும் திருச்சித் தோழி வீட்டில் தங்கல். சுடச்சுட மிளகு ரசமும் அப்பளமும் வைத்திருந்தாள். ஃபிரிட்ஜ் கதவில் டிவி லைசென்ஸ் கடிதம் ஒட்டியிருந்தது. வருடத்துக்கு 169.50 பவுண்டு. ஒரு பவுண்டு இப்போது 110 ரூபாய்க்குப் பக்கம். "இங்க டிவி பார்க்கவே காசு கட்டணும்க்கா. அதுலதான் பிபிசி ஓடுது" என்றாள்.

அக்டோபர் 16, புதன் – கனால் ஸ்ட்ரீட்

தோழிக்குக் காலை ஷிஃப்ட். நான் தனியாகக் கிளம்பினேன்.

கனால் ஸ்ட்ரீட் ஒரு பக்கம் மதுக்கடைகளும் மறுபக்கம் ராச்டேல் கால்வாயும் இருக்கிற குறுகலான தெரு. காலை பத்து மணிக்கு நாற்காலிகளைக் கவிழ்த்துப் போட்டுத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். ரெட் கம்பெனியின் முதல் தொடர் பிறந்தது இந்தத் தெருவில். 'குயீர் ஆஸ் ஃபோக்', ரஸ்ஸல் டி டேவிஸ் எழுதியது, 1999 பிப்ரவரியில் சேனல் 4இல் வந்தது. தன்பாலின ஈர்ப்புள்ள ஆண்களின் வாழ்க்கையை ஒளிவுமறைவு இல்லாமல் காட்டிய கதை. அப்போது இங்கிலாந்தில் செக்‌ஷன் 28 என்ற சட்டப்பிரிவு அமலில் இருந்தது. உள்ளாட்சி அமைப்புகள் ஓரினச் சேர்க்கையை 'ஊக்குவிக்க'க் கூடாது என்று சொன்ன பிரிவு. இங்கிலாந்தில் அது நீங்கியது 2003இல்தான். தொடருக்குப் புகார்கள் குவிந்தன, ஸ்பான்சர் செய்த பீர் கம்பெனி விலகிக்கொண்டது.

கடை திறந்து முதல் போணி இது. இன்னும் ஒரு தொடர்கூட வெளிவராத கம்பெனி, நாலு பேருக்கும் பிடிக்கிற குடும்பக் கதை ஒன்றைப் பார்த்துத் தொடங்கியிருக்கலாம். ஷிண்ட்லர் எழுத்தாளரை நம்பித் தொடங்கினார். எனக்கு அது பெரிய தைரியமாகப் படுகிறது.

தரையைக் கழுவிக்கொண்டிருந்த நரைத்த தாடிக்காரரிடம் தொடரைப் பற்றிக் கேட்டேன். தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு வந்து பேசினார். ஒளிபரப்பான சமயத்தில் அவருக்கு 24 வயதாம், போல்ட்டனில் அம்மாவோடு இருந்தாராம். சத்தத்தைக் குறைத்து வைத்து, அம்மா மாடிப்படி இறங்குகிற சத்தத்துக்கு ஒரு காதைக் கொடுத்துக்கொண்டே பார்த்ததாகச் சொன்னார். அடுத்த மாதமே இந்தத் தெருவுக்கு முதல்முறையாக வந்தாராம். "போய் ஆலனைப் பார்த்துவிட்டு வா" என்று பக்கத்துப் பூங்காவைக் காட்டினார். கணிதமேதை ஆலன் டியூரிங் கையில் ஆப்பிளோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற வெண்கலச் சிலை. 2001இல் வைத்தது. யாரோ சிலையின் மடியில் புதிதாக ஒரு பூங்கொத்து வைத்திருந்தார்கள்.

மத்தியானம் 'ரைஸ் அண்ட் த்ரீ'. நார்தர்ன் குவார்ட்டர் சந்துகளில் இருக்கிற சின்னச் சாப்பாட்டுக் கடைகளின் விசேஷம் இது. துணி மொத்த வியாபாரக் கடைகளிலும் தையல் பட்டறைகளிலும் வேலை பார்த்தவர்களுக்கு வயிறு நிறையப் போட ஆரம்பித்தது. சோற்றைக் குவித்து, மேலேயே மூன்று குழம்பை ஊற்றித் தருவார்கள். நான் கீரைப் பருப்பு, கோழி, கொண்டைக்கடலை வாங்கினேன். ஏழு பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே. லண்டனில் அந்தக் காசுக்கு ஒரு சாண்ட்விச்சும் ஒரு காப்பியும் வரலாம். எதிரே உட்கார்ந்த பெரியவர் ஒரு வார்த்தை பேசாமல் பச்சை மிளகாய்த் தட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் ஒன்று எடுத்துக் கடித்ததும் தலையை ஆட்டிவிட்டுத் தன் சாப்பாட்டைத் தொடர்ந்தார்.

ரெட்டின் அடுத்த பெயர் பெற்ற தொடரும் துணியைப் பற்றியதுதான். 'க்ளாக்கிங் ஆஃப்', 2000, பால் அபட் எழுதியது. மான்செஸ்டர் துணி ஆலை ஒன்றில் வேலை செய்கிறவர்கள். வாரம் ஒரு தொழிலாளியின் வீட்டுக் கதை. போன வாரம் பின்னால் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவள் இந்த வாரம் நாயகி. 2001இல் சிறந்த நாடகத் தொடருக்கான பிரிட்டிஷ் விருதான பாஃப்டா வாங்கியது. எங்கள் தொடர்களில் வேலைக்காரப் பாத்திரம் காப்பி கொண்டு வந்து வைத்துவிட்டுப் போய்விடும். அவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று நான் ஒரு வசனம்கூட எழுதியதில்லை. எழுத ஆசை இருக்கிறது.

சாயங்காலம் கீ ஸ்ட்ரீட் பக்கம் நடந்தேன். கிரனாடா டிவி 1956இலிருந்து இருந்த இடம். 1960 டிசம்பரில் தொடங்கி இன்றும் ஓடுகிற 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' இங்கேதான் பிறந்து வளர்ந்தது. வடக்கே டிவி எழுத்தாளர்களுக்கு அது ஒரு பள்ளிக்கூடம். வெய்ன்ரைட், டேவிஸ், அபட் மூன்று பேருமே கிரனாடாவுக்கு எழுதியவர்கள். இப்போது அந்த வட்டாரம் முழுக்கப் புதிய கண்ணாடிக் கட்டடங்கள். சரி, காற்று பலமாக வீசியது, திரும்பிவிட்டேன்.

அக்டோபர் 17, வியாழன் – மீடியாசிட்டி

வியாழக்கிழமை டிஆர்பி வருகிற நாள். கண் விழிக்கும்போதே சென்னையிலிருந்து வாட்ஸ்அப் குரூப்பில் எண்கள் வந்து விழுந்திருந்தன. போன வாரத்தைவிடக் கொஞ்சம் இறக்கம். மாமியார் டிராக்கை முடித்துவிட்டு ஆஸ்பத்திரி டிராக்கைக் கொண்டு வரலாமா என்று கேட்டிருந்தார்கள். டிராமில் உட்கார்ந்துகொண்டே இரண்டு காட்சிக்குக் குறிப்பு அனுப்பினேன்.

மஞ்சள் டிராம் மீடியாசிட்டியில் இறக்கிவிட்டது. 1894இல் திறந்த மான்செஸ்டர் கப்பல் கால்வாயின் கரையில், முன்பு சால்ஃபோர்டு துறைமுகம் இருந்த இடம். கப்பல்கள் பெரிதாகிக் கால்வாய்க்குள் வர முடியாமல் போக, 1982இல் துறைமுகத்தை மூடிவிட்டார்கள். 2011இலிருந்து பிபிசி தன் பல துறைகளை இங்கே கொண்டு வந்தது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' செட். ரெட்டின் அலுவலகமும் மீடியாசிட்டியில்தான் இருந்தது. வாசல் வரைக்கும்தான் போக முடியும்; போனேன், பார்த்தேன்.

தோழியின் சிநேகிதி மூலமாக ஒரு ஸ்கிரிப்ட் எடிட்டரைச் சந்திக்க ஏற்பாடாகியிருந்தது. பல கம்பெனிகளில் வேலை செய்தவர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு டீ 2.80 பவுண்டு. அவரே காசு கொடுத்தார், நான் நீட்டிய கார்டைக் கையால் தடுத்துவிட்டார். ஒரு மணி நேரம் என்று சொன்னவர் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

அவர் சொன்னதும் நான் ஏற்கெனவே படித்ததும் சேர்த்து எழுதுகிறேன். துறைமுகம் மூடிய அதே 1982 நவம்பரில் சேனல் 4 தொடங்கியது. நிகழ்ச்சிகளைச் சொந்தமாகத் தயாரிக்கக் கூடாது, வெளியே வாங்கித்தான் போட வேண்டும் என்று வைத்தே அதைத் தொடங்கினார்கள். வாங்க ஒரு சேனல் வந்ததும் விற்கச் சின்னச் சின்னக் கம்பெனிகள் முளைத்தன. 1990 ஒளிபரப்புச் சட்டம் பிபிசியும் தனியார் சேனலான ஐடிவியும் நான்கில் ஒரு பங்கு நிகழ்ச்சிகளைச் சுயேச்சைக் கம்பெனிகளிடமிருந்து பெற வேண்டும் என்றது. 2003 சட்டம்தான் தலைவிதியை மாற்றியது. அதுவரை சேனல் காசு கொடுத்தால் தொடர் சேனலுக்கே சொந்தம். அதற்குப் பிறகு சேனல் வாங்குவது குறிப்பிட்ட காலத்துக்கான ஒளிபரப்பு உரிமையைத்தான். தொடர் எடுத்தவருடையதாகவே இருக்கும். வெளிநாட்டுக்கு விற்கலாம், இன்னொரு நாட்டில் புதிதாக எடுக்க உரிமை கொடுக்கலாம். அந்த வருமானத்தை வைத்து அடுத்த கதையை வளர்க்கலாம்.

எங்கள் பக்கம் இரண்டு வழி. ஒன்று, தயாரிப்பாளர் சேனலில் நேரத்தை வாங்கித் தானே விளம்பரம் பிடிப்பது. இன்னொன்று, சேனல் பணம் கொடுத்து எடுக்கச் சொல்வது; எடுத்ததெல்லாம் சேனலுக்குப் போய்விடும். இரண்டிலும் எனக்கு எபிசோடுக்கு இவ்வளவு என்று கூலி. நான் எழுதிய தொடர் வேறு மொழியில் டப்பிங் ஆகி ஓடியபோது பேருந்து நிறுத்தப் போஸ்டரைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. இதைச் சொன்னபோது அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "உனக்கு ஒன்றுமே வரவில்லையா?" என்று திரும்பக் கேட்டார். இங்கே எழுத்தாளர் சங்கமும் தயாரிப்பாளர் அமைப்பான பேக்ட்டும் போட்ட ஒப்பந்தம் இருக்கிறது. ஒவ்வொரு டிராஃப்டுக்கும் தவணை, மறு ஒளிபரப்புக்கும் வெளிநாட்டு விற்பனைக்கும் தனிப் பணம். பெரும் பணக்காரர் ஆகிவிட மாட்டார்கள், ஆனால் வேலை இல்லாத மாதத்தில் அடுப்பு எரியும்.

பையிலிருந்து பழைய ஸ்கிரிப்ட் ஒன்றை எடுத்துக் காட்டினார். பக்கங்கள் வெள்ளை, நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள் என்று கலந்துகிடந்தன. ஷூட்டிங் பிரதி அச்சான பிறகு ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு நிறக் காகிதம். லைட்மேன் கையில் இருக்கிற பக்கமும் நடிகை கையில் இருக்கிற பக்கமும் ஒன்றுதானா என்று நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஒரு இளஞ்சிவப்புப் பக்கத்தில் மாறியிருந்தது ஒரே ஒரு வரி. அந்த வரிக்காக எழுத்தாளரோடு இரண்டு நாள் பேசினாராம். நான் அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். எங்கள் ஊரில் காலை ஏழு மணிக்கு நான் போனில் சொல்லச் சொல்ல உதவி இயக்குநர் எழுதிக்கொள்வார். ஒன்பதரைக்கு அதே வசனம் ஷாட்டில் இருக்கும். அதிலும் ஒரு திறமை இருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒரு வரிக்கு இரண்டு நாள் கிடைத்தால் நான் என்ன எழுதுவேன் என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது.

சுயேச்சை என்ற நிலை நிரந்தரமில்லை என்றும் சொன்னார். 2013இல் ரெட்டின் பெரும்பங்கை ஃபிரான்ஸின் ஸ்டுடியோகனால் வாங்கியது. 2020இல் ஷிண்ட்லர் வெளியேறி, ஐடிவி ஸ்டுடியோஸ் துணையோடு புதுக் கம்பெனி தொடங்கினார். அதன் பெயர் கீ ஸ்ட்ரீட் புரொடக்‌ஷன்ஸ். நேற்று நான் நடந்த அதே தெரு. சோனி, பிபிசி ஸ்டுடியோஸ் என்று பெரிய கைகள் மற்ற நாடகக் கம்பெனிகளையும் வாங்கிவிட்டன. வரிச்சலுகை வேண்டுமானால் ஒரு மணி நேர நாடகத்துக்குக் குறைந்தது 10 லட்சம் பவுண்டு, நம் பணத்தில் 11 கோடி, செலவாக வேண்டும் என்பது 2013இல் வந்த விதி. அவ்வளவு பணம் புழங்குகிற இடத்தில் சின்னக் கம்பெனி பெரிய முதலாளியின் நிழலைத் தேடுவதில் ஆச்சரியமில்லை. எனக்கு மனசு கேட்கவில்லைதான்.

அக்டோபர் 18, வெள்ளி – ஹெப்டன் பிரிட்ஜ், ஹெப்டன்ஸ்டால்

விக்டோரியா ஸ்டேஷனிலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் ஹெப்டன் பிரிட்ஜ். ரயில் பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் மலை நெருக்கிக்கொண்டு வருகிறது. இலைகள் பழுத்துச் செம்பட்டையாகி நிற்கின்றன, வீடுகளெல்லாம் கரி படிந்த கல். தொடரில் பார்த்த நிறம் நிறச்சேர்க்கையில் வந்தது என்று நினைத்திருந்தேன். ஊரே அந்த நிறத்தில்தான் இருக்கிறது.

மலைச்சரிவில் இடமில்லாமல் இங்கே வீட்டின் மேல் வீடு கட்டியிருக்கிறார்கள். கீழ்வீட்டுக்கு வாசல் கீழ்த்தெருவில், மேல்வீட்டுக்கு வாசல் பின்பக்கம் மேல்தெருவில். ஒரே கட்டடம், இரண்டு குடும்பம், இரண்டு தெரு. கதை எழுதுகிறவளுக்கு இந்த ஒன்று போதாதா? அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கேத்தரின் வீடாகக் காட்டிய வீட்டைத் தேடிப் போகவில்லை. அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

மீன் வறுவல் கடையில் ஹேடாக் மீன், சிப்ஸ், மசித்த பட்டாணி, 11.50 பவுண்டு. மீன் தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேலே மாவு மொறுமொறுவென்று, உள்ளே மீன் வெள்ளை வெளேரென்று இதழ் இதழாகப் பிரிந்தது. கடைக்காரம்மா எல்லாரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுகிறார், போலீஸ்காரரையும். தொடரைப் பற்றிக் கேட்டால், "அது நல்ல தொடர்தான். ஆனால் எங்கள் ஊரில் அவ்வளவு கொலை நடக்காது, லவ், எழுதும்போது அதையும் எழுது" என்றார். எழுதிவிட்டேன். போதைப்பொருள் தொல்லை அதிகம் என்பதால் இந்த வட்டாரத்துப் போலீஸ்காரர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர்தான் தொடருக்குத் தலைப்பானது. ஊர்க்காரர்களுக்கு அதில் கொஞ்சம் வருத்தம் இருக்கிறது, அதைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பெருமையும் இருக்கிறது.

ஹெப்டன்ஸ்டால் மேலே மலை உச்சியில். பஸ் 2 பவுண்டு. நான் 'பட்ரெஸ்' என்கிற பழைய கல்பாதையில் ஏறினேன். செங்குத்து. மழையில் கல் வழுக்கி, பாதி வழியில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். நாயோடு இறங்கி வந்த ஒரு அம்மா, கீழே போக வேண்டியவர், திரும்பி என் கையைப் பிடித்து மேலே வரைக்கும் கொண்டு வந்து விட்டார். வழி நெடுகப் புல்லோரம் எங்கே கால் வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். நன்றி சொன்னதும் நாயை இழுத்துக்கொண்டு மறுபடி இறங்க ஆரம்பித்தார்.

மேலே ஒரே வளாகத்தில் இரண்டு தேவாலயம். 1847 புயலில் இடிந்து கூரையில்லாமல் நிற்பது ஒன்று, அதற்குப் பதிலாகக் கட்டியது ஒன்று. கவிஞர் சில்வியா பிளாத் கல்லறை இங்கேதான். கேத்தரினின் மகள் பெக்கியைப் புதைத்த இடமாகத் தொடரில் வருவதும் இதே மயானம். பெக்கி கற்பனை, ஆனாலும் அங்கே நிற்கும்போது எனக்கு அழுகை வந்தது. இரண்டாம் சீசன் 2016இல் முடிந்தது. மூன்றாவது 2023 ஜனவரியில் வந்தது. இடையில் ஏழு வருடம். பேரனாக நடித்த சிறுவன் உண்மையிலேயே வளர்ந்து பதினாறு வயதுப் பையனாக வரட்டும் என்று வெய்ன்ரைட் காத்திருந்தார். எங்கள் தொடர்களில் ஒரு விளம்பர இடைவேளையில் குழந்தைக்குப் பத்து வயது கூடிவிடும், வேறு நடிகர் வருவார். காத்திருந்த பலன் கடைசி எபிசோடில் தெரிகிறது. மூன்று சீசன் பகையைத் தீர்க்கிற காட்சியில் இரண்டு பேர் சமையலறை மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள், அவ்வளவுதான்.

அந்த மூன்றாம் சீசனைத் தயாரித்தது ரெட் இல்லை, லுக்அவுட் பாயிண்ட் என்ற வேறொரு கம்பெனி. எழுத்தாளர் போன வழியில் தொடரும் போனது.

அக்டோபர் 19, சனி – சோர்பி பிரிட்ஜ், ஹாலிஃபாக்ஸ்

கணுக்கால் வீங்கியிருந்தது. நடை குறைத்தேன்.

சோர்பி பிரிட்ஜ் வெய்ன்ரைட் வளர்ந்த ஊர். கேத்தரினின் போலீஸ் ஸ்டேஷனாக வருவது இங்கே இருந்த பழைய காவல் நிலையம். ஊரைப் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டு ஹாலிஃபாக்ஸ் போய்விட்டேன்.

ஹாலிஃபாக்ஸில் பீஸ் ஹால் என்று ஒன்று இருக்கிறது. 1779இல் திறந்த துணிச் சந்தை. நடுவில் பெரிய முற்றம், நாலு பக்கமும் தூண் வைத்த மாடங்கள், 315 அறைகள். மலைக் கிராமங்களில் வீட்டிலேயே தறி வைத்து நெய்தவர்கள் துணியைத் தோளில் சுமந்து வந்து இங்கே வியாபாரிகளிடம் விற்றார்கள். மாடத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது, நாடகக் கம்பெனிகளும் இந்த நெசவாளிகளைப்போலத்தான் என்று தோன்றியது. வித்தியாசம் ஒன்று உண்டு. நெசவாளி நெய்த துணியைக் கொண்டு வந்தான். நாடகக் கம்பெனி நெய்யப்போகிற துணியை ஒரு பக்கத் தாளில் எழுதிக் காட்டி விற்கிறது. வாங்குகிறவர் அந்தத் தாளை நம்ப வேண்டும். அதற்கு முன் தயாரிப்பாளர் எழுத்தாளரை நம்பியிருக்க வேண்டும்.

'லாஸ்ட் டாங்கோ இன் ஹாலிஃபாக்ஸ்' அப்படி வந்ததுதான். வெய்ன்ரைட்டின் அம்மா, கணவர் இறந்தபிறகு, இளம் வயதில் பழகியவரை இணையம் மூலம் மறுபடி சந்தித்துக் கல்யாணம் செய்துகொண்டார். இதைக் கேள்விப்பட்ட ஷிண்ட்லர்தான் நாடகமாக எழுதச் சொன்னார். எழுபது தாண்டிய இருவரின் காதல், டெரிக் ஜேக்கபியும் ஆன் ரீடும் நடித்தது, 2012இல் பிபிசி ஒன்றில் வந்து அடுத்த வருடம் பாஃப்டா வாங்கியது. பேச்சுவாக்கில் சொன்ன வீட்டுக் கதையில் ஒரு தொடர் இருப்பதைக் கண்டுபிடிக்கிற தயாரிப்பாளர் எல்லா எழுத்தாளருக்கும் கிடைக்க வேண்டும். ரெட்டின் போலீஸ் தொடரான 'ஸ்காட் அண்ட் பெய்லி'யும் இரண்டு நடிகைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டதிலிருந்து பிறந்தது. பெண்களுக்கு நல்ல பாத்திரங்கள் ஏன் இல்லை என்று சுரான் ஜோன்ஸும் சாலி லிண்ட்சேயும் பேசிய பேச்சு. கிரேட்டர் மான்செஸ்டர் போலீஸில் துப்பறிவாளராக இருந்த டயான் டெய்லரைச் சேர்த்துக்கொண்டு வெய்ன்ரைட் எழுதினார். 2011இலிருந்து 2016 வரை ஓடியது.

மலைமேல் தங்கும் விடுதிக்கு டாக்ஸி பிடித்தேன். கட்டணம் 9 பவுண்டு. ஓட்டுநர் என் தொழிலைக் கேட்டதும் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அவரும் நம் தொழில்காரர்தான். இருபது வருடம் லைட்மேன். போன வருடத்திலிருந்து கூப்பிடுவார் இல்லை, அதனால் டாக்ஸி. சேனல்களுக்கு விளம்பர வருமானம் சரிந்தது, ஸ்ட்ரீமிங் கம்பெனிகள் கையை இறுக்கிக்கொண்டன, புதுத் தொடர்கள் குறைந்துபோயின. இந்த வருடத் தொடக்கத்தில் பெக்ட்டு தொழிற்சங்கம் எடுத்த கணக்கில் சினிமா, டிவி தொழிலாளர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வேலையில்லாமல் இருந்தார்கள். வழியில் ஒரு விளக்குக் கம்பத்தைக் காட்டினார். மஞ்சள் அட்டையில் அம்புக்குறியும் சம்பந்தமில்லாத ஏதோ நான்கு எழுத்தும். ஷூட்டிங் நடக்கும் இடத்துக்கு வழிகாட்டும் அட்டை. கூட்டம் கூடாமலிருக்கத் தொடரின் பெயரை மறைத்துப் போடுவார்கள். "யாரோ வேலை செய்கிறார்கள்" என்றார். பொறாமையில்லாமல், சந்தோஷமாகத்தான் சொன்னார். என் பெட்டியை விடுதி மாடி வரைக்கும் தூக்கி வைத்துவிட்டு, டிப்ஸ் வாங்க மறுத்துவிட்டார். ஒரே தொழில்காரர்களிடம் வாங்க மாட்டாராம்.

அக்டோபர் 20, ஞாயிறு – மான்செஸ்டர் திரும்பும் வழி

ஆஷ்லி என்று பெயர் வைத்த புயல். இரவு முழுக்க ஜன்னல் அதிர்ந்தது. நாட்குறிப்புகளால் பெயர் பெற்ற ஆன் லிஸ்டர் வாழ்ந்த ஷிப்டன் ஹால் மாளிகையைப் பார்க்கலாம் என்ற திட்டத்தைக் காற்று கலைத்துவிட்டது.

ஸ்டேஷனில் போர்டு முழுக்க 'ரத்து'. ஒரு ரயில் பத்து நிமிடம் தாமதம் என்றார்கள், அப்புறம் நாற்பது, அப்புறம் அதுவும் ரத்து. காரணம் கேட்டால் ஒருவர் காற்று என்றார், ஒருவர் ஓட்டுநர் இல்லை என்றார். என் சாயங்கால லண்டன் ரயிலுக்கு டிக்கெட் 64 பவுண்டு, மாற்ற முடியாதது. பிளாட்பாரத்தில் சுமார் நாற்பது பேர் நின்றோம். யாரும் கத்தவில்லை, தள்ளவில்லை. ஒரு பாட்டி டப்பாவைத் திறந்து, இஞ்சியும் வெல்லப்பாகும் போட்ட பார்க்கின் கேக்கை வரிசையில் எல்லாருக்கும் ஒவ்வொரு துண்டு கொடுத்தார். நம் ஊர் கருப்பட்டி வாசம் கொஞ்சம் அதில் இருந்தது.

ஒன்றரை மணி நேரம் கழித்து மாற்றுப் பேருந்து வந்தது. பக்கத்து இருக்கையில் அதே பாட்டி. நான் ஏன் ஹாலிஃபாக்ஸுக்கு வந்தேன் என்று தெரிந்ததும், 'லாஸ்ட் டாங்கோ'வில் கூட்டத்தில் ஒருத்தியாகத் தான் நடித்ததைச் சொன்னார். ஒரே ஒரு நாள். விடியற்காலை ஆறு மணிக்கு வரச் சொன்னார்களாம், மாடிப் பேருந்துக்குள் மேசை போட்டுப் பன்றி இறைச்சி ரொட்டி கொடுத்தார்களாம், தொப்பியை மூன்று தடவை மாற்றினார்களாம். ஒளிபரப்பில் அவர் இடது தோள் வந்தது. அந்தக் காட்சியைப் பதிவு செய்து வைத்திருக்கிறார்.

"நீ என்ன கதை எழுதுகிறாய்?" என்று கேட்டார். சொன்னேன். கும்பகோணத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கிற குடும்பம், பெரிய மருமகள், சொத்துப் பத்திரத்தை ஒளித்து வைத்திருக்கிற மாமியார். பேருந்து மலையில் வளைந்து வளைந்து இறங்கியது, வழியில் விழுந்த மரத்தை அறுத்துக்கொண்டிருந்தார்கள், இருபது நிமிடம் நின்றோம். நானூறு எபிசோடில் முக்கியமானதை மட்டும் எடுத்துச் சொல்லிக்கொண்டு வந்தேன். முன் இருக்கைக்காரரும் காதிலிருந்த ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். மான்செஸ்டர் வந்துவிட்டது, பாட்டி எழுந்திருக்கவில்லை.

"பத்திரம் எங்கே இருக்கிறது என்று சின்ன மருமகளுக்குத் தெரியுமா, தெரியாதா? அதைச் சொல்லிவிட்டு இறங்கு" என்றார்.